ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளக்கரையில்

வேலையில் இருந்தவரை என் வாழ்க்கையை நடத்தியது டூட்டி லிஸ்ட். காலை ஷிப்டா, இரவு ஷிப்டா, எந்த வார்டு, யாரிடம் ஓவர் எடுக்க வேண்டும், யாருக்கு ஓவர் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பணி நிறைவு நாளன்று மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வீடுவரை வந்து விட்டுப் போனார்கள். பென்ஷன் மாதம் தவறாமல் வந்தது. பிள்ளைகளும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால், “நாளைக்குக் காலையில நீங்க வந்தாதான் சிஸ்டர் வேலை நடக்கும்” என்று சொல்ல ஒருவரும் இல்லை. வேலையில் இருக்கும்போது இதன் அருமை தெரியாது.

இப்போது எனக்கு மறுபடியும் ஒரு டூட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியைச் சுற்றியுள்ள ஏதாவதொரு குளத்தங்கரையில் நிற்பேன். கையில் நோட்டும் பைனாகுலரும் இருக்கும். என்னைப் போலவே ஓய்வு பெற்ற சிலர் கூட நிற்பார்கள். குளத்தில் இருக்கும் பறவைகளை இனம் வாரியாக எண்ணி எழுதுவோம். எட்டரை மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவோம். எங்கள் குழுவின் வேலை இவ்வளவுதான். ஓய்வு பெற்றவர்களும், ஓய்வை நெருங்குகிறவர்களும் தங்கள் ஊரில் இப்படியொரு குழுவில் சேர வேண்டும், இல்லையென்றால் தொடங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தனிமையும் நோய்தான்

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆனது. அடுத்த ஆண்டே 60 ஆனது. அறுபதில் வீட்டுக்கு வருகிற ஒருவருக்கு இன்னும் இருபது ஆண்டு வாழ்வு இருப்பது இன்று சாதாரணம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

வெளிநோயாளிகள் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் சில பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறேன். பி.பி. பார்க்க வருவார்கள். அளவு சரியாகவே இருக்கும். மாத்திரையும் வீட்டில் மீதம் இருக்கும். இருந்தாலும் அடுத்த வாரம் திரும்பவும் வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். யாரோ ஒருவர் கையைத் தொட்டு, “சாப்பிட்டீங்களா, தூக்கம் வருதா?” என்று கேட்கிறார்களே, அதற்காகத்தான் வருகிறார்கள் என்பது எங்களுக்குப் புரியும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சமூகத் தொடர்புக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று அந்த ஆணையம் 2025-இல் அறிக்கை தந்தது. தனிமை இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் வழிவிடும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எழுதிக் கொடுக்கலாம். இதற்கு மருந்து மனிதர்கள்தான்.

கூடிப் பேசி ரசிப்பது எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தைப் பற்றி நெல்லையில் இன்றும் பேசுகிறார்கள். காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் தலைமுறைகளைத் தாண்டி நடக்கிறது. ஒரு விருப்பம், ஒரு கிழமை, ஓர் இடம் என்று உறுதியாக வைத்துக்கொண்டால் ஒரு கூட்டம் எத்தனை காலமும் நிற்கும் என்பதற்கு இவை நம் கண்முன் உள்ள சாட்சி.

முதலில் சேர்ந்தேன், பிறகு தொடங்கினோம்

தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இதை முன்னின்று நடத்துகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டக் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் குழு குழுவாகப் பிரிந்து போவார்கள். கல்லூரி மாணவர்களே அதிகம் வருவார்கள். எங்களைப் போன்ற நரைத்த தலைகளுக்கும் அங்கே தாராளமாக இடம் உண்டு. நான் பறவை பார்க்கப் பழகியது அங்கேதான்.

கணக்கெடுப்பு முடிந்ததும் இளையவர்கள் படிப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். எங்களுக்குப் போக மனம் இல்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்தான், “சிஸ்டர், அடுத்த ஜனவரி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? குளம் இங்கதானே இருக்கு” என்றார். வங்கியில் காசாளராக இருந்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், ரயில்வேயில் இருந்தவர் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். டவுனில் உள்ள நயினார்குளத்தில் தொடங்கினோம். நெல்லைக் கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் குளம் அது. டவுன் பஸ்ஸில் போய்விடலாம், கரையில் நிழல் உண்டு, இறங்கினால் டீக்கடையும் உண்டு. அறுபதைத் தாண்டியவர்கள் கூடும் இடத்துக்கு இந்த மூன்றும் அவசியம்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஏற்கெனவே நடக்கும் ஒன்றில் கொஞ்ச காலம் சேர்ந்திருங்கள் என்பதுதான். சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-இலிருந்து இருக்கிறது. தபால்தலை சேர்ப்பவர்களுக்கு 1956-இல் தொடங்கிய தென்னிந்தியத் தபால்தலை சேகரிப்போர் சங்கம் இருக்கிறது. அரசு நூலகங்களை ஒட்டி வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. எதை எத்தனை மணிக்கு வைத்தால் ஆள் வருவார்கள், புதியவரை எப்படி உட்கார வைத்துப் பேசுவது, கூட்டத்தை எப்போது முடிப்பது என்பதையெல்லாம் பழைய குழுக்களில் இருந்துதான் கற்றுக்கொள்ள முடியும்.

காசாளர் எண்ணிய கணக்கு

பறவை எண்ணுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், குருட்டுக் கொக்கு போன்றவை தனித்தனியாக நிற்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். சீழ்க்கைச் சிறகியோ நாமக்கோழியோ நூற்றுக்கணக்கில் மிதக்கும்போதுதான் சிரமம். அதற்கொரு முறை இருக்கிறது. கூட்டத்தின் ஒரு ஓரத்தில் சரியாகப் பத்துப் பறவைகளை எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் நிறுத்தி, அதே அளவுக்குக் கூட்டம் முழுவதையும் பகுதி பகுதியாகக் கடந்து போக வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி, கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வங்கிக் காசாளர் எங்களோடு வந்தபோது அவர் மனைவி இறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. மகன் கட்டாயப்படுத்தி அனுப்பியிருந்தார். வந்தவர் கரையிலேயே ஒதுங்கி நின்றார். பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்குக் குளத்தின் நடுவில் சீழ்க்கைச் சிறகிகள் அடர்ந்து மிதந்தன. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு பகுதி எழும்பி இடம் மாறிவிட, கணக்கு குலைந்தது. “குடுங்கம்மா, நான் பாக்கேன்” என்று பைனாகுலரை வாங்கினார். இடது கை கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது. நோட்டு எண்ணிப் பழகிய கை. உதடு மட்டும் அசைந்தது. நூறு சேர்ந்ததும் “ஒரு கட்டு” என்றார். நான் நோட்டில் ஒரு கோடு போட்டேன். “ரெண்டு கட்டு. மூணு.” கடைசியில், “நானூத்திப் பத்து இருக்கும். அஞ்சாறு கூடக் குறைய இருக்கலாம்” என்று சொல்லி பைனாகுலரைத் திருப்பித் தந்தார். மின்வாரியத்துக்காரர் தனியாக எண்ணியதும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான் வந்தது.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவர் அவர்தான். இப்போது பெரிய கூட்டம் தென்பட்டால் நாங்கள் எண்ணுவதில்லை, அவருக்காகக் காத்திருப்போம். வாழ்நாள் முழுவதும் ஒரு வேலையைச் செய்து கைவந்த திறமை ஓய்வு பெறும் நாளில் மறைந்துவிடுவதில்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். நல்ல குழு என்பது ஒவ்வொருவரிடமும் இருக்கும் அப்படிப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவது. வார்டில் ரெஜிஸ்தர் எழுதிய பழக்கத்தால் நோட்டு எழுதுவது என் பொறுப்பு. தமிழாசிரியை ஊர் ஊராகப் பறவைகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுக்கிறார். ரயில்வேக்காரர் எந்தக் குளத்துக்கு எந்தப் பஸ், எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்துச் சொல்கிறார்.

குளத்தங்கரையில் எங்களுக்கு ஆசிரியர்களும் கிடைக்கிறார்கள். ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு கீதாரி, “என்னத்தக்கா இப்படி எழுதுதிய?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தார். விஷயத்தைச் சொன்னதும், “அரிவாமூக்கன் இங்க காலம்பறதான் மேயும். சாயந்தரம் அந்தக் கருவேலத்துக்கு அடைய வரும், அப்ப வந்து எண்ணுங்க” என்றார். அவர் சொன்னபடி மாலையில் போனோம். அரிவாள் மூக்கன்கள் வரிசை வரிசையாக வந்து அந்த மரங்களில் இறங்கின. காலைக் கணக்கைவிட மாலைக் கணக்கு பல மடங்கு இருந்தது.

எழுதியது எங்கே போகிறது

வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்கும் எழுதி அனுப்புவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. நாங்கள் எழுதும் கணக்கை ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிவு செய்கிறோம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய தளம் இது. உலகம் முழுவதும் பறவை பார்ப்பவர்கள் இதில் பதிவு செய்கிறார்கள், கட்டணம் இல்லை. அதே ஆய்வகத்தின் ‘மெர்லின்’ செயலி, பறவையின் படத்தையும் குரலையும் கொண்டு பெயரைச் சொல்லி உதவும்.

இப்படி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அனுப்பிய மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்துத்தான் 2023-இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வந்தது. 942 பறவை இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 178 இனங்களைக் காப்பதற்கு முதலிடம் தர வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். நம் வயல்வெளிக் கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை குறைந்து வருவதும், மயில் பெருகி வருவதும் அப்படித் தெரிந்தவைதாம். அந்தக் கோடிகளில் ஓய்வு பெற்றவர்கள் எழுதிய வரிகளும் கலந்திருக்கின்றன. என் நோட்டில் எழுதும் எண் நாட்டுக்கு உதவுகிறது என்ற நினைப்பே அதிகாலையில் படுக்கையை விட்டு எழுப்பப் போதுமானது.

பறவைகளை ஊரே சேர்ந்து காப்பாற்றிய இடங்களும் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. திருப்புடைமருதூரில் கோயிலை ஒட்டிய பெரிய மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக, ஊர்மக்கள் விருப்பத்தோடு 2005-இல் பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்டது. கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமானது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. அங்கே பறவைகள் மிரளக்கூடாது என்று மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை அந்தக் குளத்தில் பார்க்கலாம். ஆண்டுக்கொரு முறை எங்கள் குழு வேன் பிடித்து அங்கே போகிறது. பேரப்பிள்ளைகளையும் அன்று கூட்டிப்போகிறோம்.

பெண்களுக்கு ஓய்வு எங்கே

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் ஓய்வு பெற்றால் வீட்டில் உட்காருகிறார். பெண் ஓய்வு பெற்றால், “இனிமே வீட்டுலதானே இருக்கப் போற” என்று அடுப்படியும் பேரப்பிள்ளைகளும் முழுவதுமாக அவள் கைக்கு வந்துவிடுகின்றன. எங்களோடு வர ஆசைப்பட்ட பெண்கள் பலரும் சொன்ன தடை இதுதான். அதனால் நேரத்தை அவர்களுக்கு ஏற்றபடி வைத்தோம். எட்டரைக்கு முடிந்தாக வேண்டும். பேச்சு நீண்டாலும் கலைந்துவிட வேண்டும். கழிப்பறை வசதி பக்கத்தில் இல்லாத குளத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தப் பெண்ணும் தனியாக வந்து தனியாகத் திரும்பக்கூடாது. இருவராக வர வேண்டும். சில வீடுகளில் நானே நேரில் போய்ப் பேசினேன். “வாரத்துல ஒரு காலைதான் தம்பி, அம்மாவை நான் கொண்டுவந்து விடுதேன்” என்றால் எந்த மகனும் மறுத்ததில்லை. குழு தொடங்குகிறவர்கள் இதற்கென்று கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் ஆண்கள் மட்டுமே இருப்பார்கள்.

எங்கள் நடைமுறை

நாங்கள் கடைப்பிடிக்கும் சில வழிமுறைகளைச் சொல்கிறேன். எந்தப் பொழுதுபோக்குக் குழுவுக்கும் இவை பொருந்தும்.

கிழமையும் நேரமும் மாறக்கூடாது. மூன்று பேர்தான் வந்தார்கள் என்றாலும் கூட்டம் நடக்க வேண்டும். ஒரு வாரம் ஒத்திப்போட்டால் அடுத்த வாரம் நடக்குமா நடக்காதா என்ற ஐயம் வந்துவிடும். மழைக்கு மட்டும் விலக்கு.

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் வைக்கவில்லை. பல சங்கங்கள் பதவிச் சண்டையில் உடைந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். பதவிக்குப் பதிலாகப் பொறுப்பு உண்டு: ஒருவர் நோட்டு, ஒருவர் போன், ஒருவர் டீக்காசு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

போன் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு முக்கிய வேலை இருக்கிறது. சொல்லாமல் ஒருவர் வரவில்லையென்றால் அன்றைக்கே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். தனியாக வசிக்கும் ஓர் உறுப்பினர் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது அப்படிக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம், குணமாகி வந்துவிட்டார். ஒவ்வொருவரின் அவசரத் தொடர்பு எண், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை ஆகியவை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. சர்க்கரை உள்ளவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு.

வாட்ஸ்அப் குழுவில் பறவை, குளம், பஸ் நேரம் தவிர வேறெதுவும் போடக்கூடாது. அரசியலும் மதமும் அங்கே வரக்கூடாது. இந்த விதியை எல்லோரும் மதிப்பதால்தான் பல கருத்துடையவர்கள் ஒரே கரையில் நிற்க முடிகிறது.

செலவு குறைவு. பஸ் காசு, டீக்காசு, ஒரு நோட்டு. பைனாகுலர் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆளுக்கொன்று வேண்டியதில்லை, குழுவுக்கு இரண்டு இருந்தால் போதும். வாங்கும்போது 8×40 என்பது போன்ற எண்ணைப் பாருங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். கை லேசாக நடுங்கும் வயதில் எட்டு மடங்கே நல்லது. அதற்கு மேல் போனால் காட்சி ஆடும்.

பதிவு செய்ய வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். நாலு பேர் கூடிப் பறவை பார்க்கப் பதிவு தேவையில்லை. குழு வளர்ந்து, பணம் திரட்டி, வங்கிக் கணக்கு வைத்து நடத்தும் நிலை வந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். பதிவு பின்னால் வரட்டும். பழக்கம் முதலில் வரட்டும்.

பறவைதான் என்றில்லை

வெயிலும் நடையும் ஒத்துவராதவர்களுக்கு வேறு எத்தனையோ இருக்கின்றன. சதுரங்கம் ஆடலாம், மாடித்தோட்டம் போடலாம், பழைய நாணயம் சேர்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், மாதம் ஒரு நாவல் படித்துப் பேசலாம். பிரான்சில் துலூஸ் நகரத்தில் 1973-இல் முதியோருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். அதே எண்ணம் இங்கிலாந்துக்குப் போனபோது தேர்வும் பட்டமும் இல்லாமல் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் குழுக்களாக மாறியது. ஓய்வு பெற்ற தச்சரும் கணக்காசிரியரும் அங்கே ஒரே நேரத்தில் ஆசிரியர்கள், மாணவர்கள். மும்பையில் மருத்துவர் மதன் கட்டாரியா 1995-இல் பூங்காவில் சிரிப்பு மன்றம் தொடங்கியபோது கூட நின்றவர்கள் சிலர்தான். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: அதில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும். வெறும் அரட்டைக்குக் கூடிய கூட்டம் பேச்சு தீர்ந்ததும் கலைந்துவிடும்.

ஓய்வு பெற இன்னும் ஓரிரு ஆண்டு இருப்பவர்கள் இப்போதே சேருங்கள். வேலை போன பிறகு புது மனிதர்களைத் தேடிப் போகக் கால் வராது. முன்பே பழகியிருந்தால் பணி நிறைவு விழாவுக்கு அடுத்த ஞாயிறு போக ஓர் இடம் காத்திருக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் பொங்கலையொட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015-இல் தொடங்கியது இது. வீட்டு மாடியில் நின்றே கலந்துகொள்ளலாம். பதினைந்து நிமிடம் போதும். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூன்று பேரை இன்றைக்கே போனில் கூப்பிடுங்கள். ஒரு கிழமையைக் குறித்து, ஓர் இடத்தைச் சொல்லி, “நீங்க வந்தாதான் நடக்கும்” என்று சொல்லுங்கள். கட்டாயம் வருவார்கள்.